எஞ்சின் விளக்கு எரிந்தது ஏன்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்று சிஸ்டர் கேட்டபோது, "கார் எஞ்சினைப் பற்றி, சிஸ்டர்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "எழுது. ஆனால் எனக்கும் புரியும்படி எழுது" என்றார்கள். ஆகவே, காரின் முன்மூடியைத் திறந்தே பார்த்திராதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மூன்று மாதங்களுக்கு முன்பு வரை நானும் அவர்களில் ஒருத்திதான்.

எங்கள் வீட்டுக் கார் 2013-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. பெட்ரோலில் ஓடும் சிறிய வண்டி. அப்பா பள்ளிச் சீருடைத் துணி வியாபாரம் செய்கிறார். தியாகராய நகரிலிருந்து துணி மாதிரிகளை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம், வேலூர், திண்டிவனம் என்று ஊர் ஊராகப் போய்வருவார். அதனால் வண்டி 1,64,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பூமியை நான்கு முறை சுற்றிவரும் தூரம் இது. ஒரு நாள் மாலை, அடையாறு திரு.வி.க. பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தபோது, முன்பலகையில் எஞ்சின் உருவம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கவில்லை. ஆனால் இழுவை குறைந்துவிட்டது. சிக்னலில் நின்றபோது எஞ்சின் நடுங்கியது. "பெட்ரோல் சரியில்லை போலிருக்கிறது" என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாளும் விளக்கு எரிந்தது.

முதலில் போன பட்டறையில், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பி-0016. டைமிங் செயின் போயிடுச்சு சார். எஞ்சினைத் திறக்கணும். முப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று நான் கேட்டேன். "பாப்பா, நீ போய்ப் பரீட்சைக்குப் படி" என்று பதில் வந்தது. வீட்டிற்கு வந்ததும் வண்டியை விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. விற்றுவிட்டால் அப்பா துணி மூட்டையைச் சுமந்துகொண்டு பேருந்தில் ஊர் ஊராக அலைய வேண்டும். அன்றிரவு நான் பரீட்சைக்குப் படிக்கவில்லை. அந்த எண்ணின் பொருளைத்தான் தேடிப் படித்தேன்.

'டைமிங்' என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் சிலிண்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சுவது, அதை அழுத்துவது, தீப்பொறியால் எரித்து விசை பெறுவது, புகையை வெளியே தள்ளுவது என்று நான்கு வேலைகள் மாறி மாறி நடக்கின்றன. ஜெர்மனியின் நிக்கோலஸ் ஆட்டோ 1876-இல் இந்த நான்கு வீச்சு எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அவருக்கும் முன்பே, சிலிண்டருக்குள் வாயுவை வெடிக்கச் செய்து விசை பெறலாம் என்று செய்து காட்டியவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நம் பள்ளியில் பலருக்குத் தெரியாது. இத்தாலி நாட்டு அருட்தந்தை யூஜீனியோ பார்சாந்தி, பியாரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பித்தவர். ஃபெலிச்சே மத்தெயூச்சி என்ற பொறியாளருடன் சேர்ந்து 1853-இல் தம் கண்டுபிடிப்பின் விளக்கத்தை ஃபிளாரன்ஸ் நகரக் கழகம் ஒன்றில் ஒப்படைத்தார். மறு ஆண்டு லண்டனில் காப்புரிமையும் கிடைத்தது. 1864-இல் பெல்ஜியத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்கே வியப்பாக இருந்தது.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கீழே இருக்கும் கிராங்க் தண்டு. காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் மேலே வால்வுகள் என்னும் சிறு கதவுகள் உள்ளன. அவற்றை அழுத்தித் திறப்பது காம் தண்டு. நான்கு வேலைகளும் முடியக் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்; அதற்குள் காம் ஒரே ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒருபோதும் தவறக் கூடாது. நிமிடத்திற்கு 2,400 சுற்று என்றால் கிராங்க் வினாடிக்கு 40 முறையும் காம் 20 முறையும் சுற்றும். ஒரு கதவு வினாடிக்கு 20 முறை திறந்து மூட வேண்டும், அதுவும் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை அறிந்து. மைதானத்தில் இரண்டு பேர் கயிறு சுற்ற, நடுவில் ஒருத்தி குதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அரைக் கணம் தவறினால் கயிறு காலில் அடிக்கும். எஞ்சினில் தவறினால், பல எஞ்சின்களில் பிஸ்டனே வால்வை மோதி வளைத்துவிடும்.

கிராங்கையும் காமையும் ஒன்றோடொன்று கட்டிவைப்பது ஒரு பெல்ட் அல்லது ஒரு செயின். 1998-இல் நம் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரிக்கத் தொடங்கிய சான்ட்ரோவில் இருந்தது ரப்பர் பெல்ட். ரப்பர் பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. அது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி அறும். எனவே தயாரிப்பாளர் குறித்த கிலோமீட்டர் வந்ததும் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மாற்றிவிட வேண்டும். செயின் அப்படித் திடீரென்று அறுவது அரிது. ஆனால் அது மெல்ல மெல்ல நீளும்.

இரும்புச் செயின் எப்படி நீளும் என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளும் அவை நுழையும் துளைகளும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 120 கண்ணிகள் இருந்தால் அதுவே 2.4 மில்லிமீட்டர் ஆகிவிடும். எங்கள் வண்டிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு 2,400 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 2,400 சுற்று. 1,64,000 கிலோமீட்டருக்குச் சுமார் 39 கோடிச் சுற்று! நகர நெரிசலில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். இத்தனை சுற்றுக்கும் அந்தச் செயினைக் காப்பது நடுவில் பரவும் ஆயில் படலம் ஒன்றுதான்.

இங்கே தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஓய்வு பெறும்வரை அம்பாசிடர் கார் ஓட்டியவர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரில் விளக்கும் இல்லை, எண்ணும் இல்லை. தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதைக் கையால்தான் வைப்பார்களாம். டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பாகத்தின் திருகைத் தளர்த்தி, ஒரு நூல் இப்படியும் அப்படியும் திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, சரியான இடத்தில் முடுக்குவார்களாம். "டைமிங் வைக்கிறதுக்குக் காது வேணும்மா, கம்ப்யூட்டர் எதுக்கு?" என்பார் தாத்தா. அவர் சொல்வது தீப்பொறியின் டைமிங். வால்வுகளின் டைமிங் அந்தக் காலத்தில் மாறவே மாறாது, செயின் கட்டியபடிதான். இக்காலக் கார்கள் பலவற்றில் அதுவும் ஓட்டத்திற்கேற்ப மாறுகிறது. காமின் முனையில் உள்ள பல்சக்கரத்துக்குள் ஆயிலை அழுத்தி அனுப்பி, காமைச் சில டிகிரி முன்னும் பின்னும் திருப்புகிறார்கள். அந்த ஆயிலைத் திறந்து மூடுவது விரல் அளவுள்ள ஒரு மின் வால்வு. ஆயில் வெறும் வழுக்குப் பொருள் மட்டுமன்று, எஞ்சினின் கை கால் போலவும் வேலை செய்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம். இந்த விரல் அளவு வால்வு நம் கதையில் மீண்டும் வரும்.

சரி, கிராங்கும் காமும் ஒழுங்காகச் சுற்றுகின்றனவா என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? இரண்டின் அருகிலும் ஒவ்வோர் உணர்கருவி இருக்கிறது, சென்சார் என்பார்கள். கிராங்கோடு சுற்றும் பல்சக்கரத்தில் பொதுவாக 60 பற்களுக்கு இடம் விட்டு, 58 பற்களே வைத்திருப்பார்கள். பற்கள் கடக்கும்போது காந்தப்புலம் மாறி மின்துடிப்பு பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட அதே விதிதான். பரீட்சைக்காக நாம் மனப்பாடம் செய்கிறோமே, அது. இரண்டு பல் விட்ட இடம் வரும்போது துடிப்பு தவறும். கிராங்க் எங்கே இருக்கிறது என்று கணினி அதைக்கொண்டு அறிந்துகொள்ளும். காமிலிருந்தும் இதுபோலவே செய்தி வரும். இரண்டு செய்திகளும் ஒத்துப்போகின்றனவா என்று கணினி ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஒத்துப்போகவில்லை என்றால் அது பதிந்துவைக்கும் எண்தான் பி-0016. முன்னால் உள்ள பி என்ற எழுத்து எஞ்சினையும் கியரையும் குறிக்கிறது. அடுத்த 0, இந்த எண் எல்லா நிறுவனக் கார்களுக்கும் பொது என்று காட்டுகிறது. அங்கே 1 இருந்தால் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த எண். பி-0335 என்றால் கிராங்க் உணர்கருவியின் மின்சுற்றில் கோளாறு. பி-0340 என்றால் காம் உணர்கருவியின் மின்சுற்றில். பி-0011 என்றால் காம் இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னே போய் நிற்கிறது, அல்லது சொன்னபடி திரும்பவில்லை. இவையெல்லாம் பட்டறைக்காரர்களின் வசதிக்காகப் பிறந்தவை என்று நினைத்திருந்தேன். உண்மையில் காற்று மாசைத் தடுக்கும் சட்டங்களால் பிறந்தவை. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஒரே மாதிரியான எண்களும் 16 ஊசிகள் கொண்ட செருகு துளையும் கட்டாயமாயின. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் நான்காம் நிலை விதிகள் வந்தபோது இதன் முதற்படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் வந்தன. அந்த மஞ்சள் விளக்கு நம் பணப்பையைக் காப்பதற்காக வைக்கப்பட்டதன்று, நாம் மூச்சு விடும் காற்றைக் காப்பதற்காக.

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறேன். பி-0016 என்ற எண் 'செயின் போய்விட்டது' என்று எங்கும் சொல்லவில்லை. ஞாயிறு பூசையில் பாடற்குழுவும் ஆர்கனும் ஒத்துப்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் வரிசையில் இருந்து கேட்கும் சிஸ்டருக்கு 'தாளம் தப்புகிறது' என்பது மட்டும் தெரியும். பாடுகிறவர்கள் பின்தங்கினார்களா, ஆர்கன் வாசிப்பவர் முந்தினாரா, ஒலிபெருக்கிக் கம்பி பழுதாகிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறதா என்பது தெரியாது. கணினியும் அந்த நிலையில்தான் இருக்கிறது. செயின் நீண்டிருந்தாலும் பி-0016 வரும். ஆயில் கெட்டுப்போய்க் காம் தன் இடத்திற்குத் திரும்பாவிட்டாலும் வரும். உணர்கருவி பழுதானாலும் வரும். எலி கம்பியைக் கடித்திருந்தாலும் வரும். இவற்றில் ஒன்றைச் சரிசெய்யச் சில நூறு ரூபாய், இன்னொன்றுக்குப் பல ஆயிரம்.

தாத்தாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கிறார். எல்லாரும் அவரை பாய் என்றே அழைப்பார்கள். ஒரு சனிக்கிழமை வண்டியை அங்கே கொண்டுபோனோம். அவர் கருவியைக் கையில் எடுக்கும் முன்னரே அப்பாவைப் பார்த்து, "ஆயில் எப்ப மாத்துனீங்க, சார்?" என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்லவில்லை. கதவோரத்தில் ஒட்டியிருந்த பழைய சீட்டை பாயே பார்த்தார். 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை 17,000 ஆகியும் மாற்றவில்லை. ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். கீழ்க்கோட்டுக்கும் கீழே, தார்போல் கறுப்பாக இருந்தது. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்பா தள்ளிப்போட்டது எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் பணம் எதற்கெல்லாம் போயிற்று என்பதும் தெரியும். என் டியூஷன் கட்டணமும் அதில் ஒன்று.

பிறகுதான் பாய் கருவியைச் செருகினார். இரண்டு எண்கள் இருந்தன: பி-0011, பி-0016. முதல் பட்டறையில் ஒன்றைத்தான் எங்களிடம் சொன்னார்கள். அவர் எதையும் அழிக்கவில்லை. இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார். விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் எஞ்சினின் வெப்பம், சுற்று, வேகம் எவ்வளவு என்பதையும் கணினி ஒரு நிழற்படம்போல் எடுத்து வைத்திருக்கிறது, அதையும் எழுதிக்கொண்டார். "இதை எழுதாம அழிச்சா, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே ஜுர மாத்திரை போட்டுக்கிட்ட மாதிரி" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அடுத்தது கம்பிகள். எங்கள் வீட்டுப் பக்கம் எலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் வண்டியில் எலி கடித்த தடம் இல்லை. உணர்கருவிகளின் இணைப்புகளைக் கழற்றி, ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பார்த்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் மூழ்கி நின்ற கார்களிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மாட்டிக்கொண்ட கார்களிலும், தண்ணீர் வடிந்து வெகுகாலம் கழித்துக்கூட இந்தப் பச்சை களிம்பு தலைகாட்டுவதுண்டாம். களிம்பு இருந்தால் துடிப்பு விட்டுவிட்டு வரும். உணர்கருவியைக் குற்றம் சொல்லிப் புதிது வாங்கிப் போடுவார்கள். சில நாளில் விளக்கு மறுபடி எரியும். எங்கள் வண்டியில் ஊசிகள் பளபளவென்று இருந்தன. மின் அளவியை வைத்துப் பார்த்தார். மின்சாரமும் சரியாக வந்தது.

அப்புறம் அந்த விரல் அளவு மின் வால்வைக் கழற்றினார். ஒரே ஒரு போல்ட்தான். அதன் வாயில் இருந்த நுண்ணிய வலை, காபி வடிகட்டியில் தூள் அடைத்துக்கொள்வதுபோல் கறுப்புக் கசடால் அடைத்திருந்தது. பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தார். நல்ல வால்வு 'டக்' என்று நகர வேண்டும். இது பாதி வழியில் நின்றுவிட்டது. காம் ஏன் தன் இடத்திற்குத் திரும்பவில்லை என்பது அங்கேயே விளங்கிவிட்டது.

புதிய வால்வு 2,600 ரூபாய். ஆயிலும் அதன் வடிகட்டியும் 2,400 ரூபாய். எண்களை அழித்துவிட்டு, "இப்ப ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. செயினை இன்னும் நான் மன்னிக்கல" என்றார். அப்பாவின் முகத்தில் அன்று இருந்த நிம்மதியை நான் வெகுநாள் பார்த்ததில்லை. வண்டி பழையபடி இழுத்தது. முப்பத்தெட்டாயிரம் கேட்ட பட்டறையை நாங்கள் வீட்டில் கேலி செய்தோம்.

ஒன்பதாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. பி-0011 வரவில்லை. பி-0016 மட்டும் வந்தது.

இப்போது பாய், வண்டியை இரவு முழுதும் தம் பட்டறையிலேயே நிறுத்தச் சொன்னார். காலையில், எஞ்சின் முற்றிலும் ஆறியிருந்தபோது, தாத்தாவையும் என்னையும் அருகில் நிற்கவைத்துக் கிளப்பினார். முதல் மூன்று வினாடிகள், தகர டப்பாவுக்குள் கூழாங்கற்களைக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம், பிறகு அடங்கிவிட்டது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்கிறது. அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் அடித்துக்கொள்ளும் சத்தம் அது. "செயின்" என்றார் தாத்தா, கண்ணை மூடிக்கொண்டே. கணினிக்கும் காதுக்கும் அன்று சமரசம் ஏற்பட்டது.

அதன் பின்னும் பாய் வெறும் சத்தத்தை நம்பி முடிவு கட்டவில்லை. டேப்பெட் கவரைத் திறந்து, கிராங்கை அதன் குறிக்கு நேரே நிறுத்தி, காமின் குறி எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். நேராக இருக்க வேண்டிய கோடு சற்றே விலகி நின்றது. டென்ஷனர் தன்னால் இயன்ற அளவுக்குக் கிட்டத்தட்ட முழுதும் வெளியே நீண்டிருந்தது. இனி அதனால் இறுக்க முடியாது. செயின், டென்ஷனர், செயின் உரசிச் செல்லும் வழிகாட்டிகள் எல்லாமாகக் கூலியோடு 17,500 ரூபாய். முன்னதையும் சேர்த்து 22,500.

ஆக, முதல் பட்டறை சொன்ன விடை சரிதான்! நாங்கள் கேலி செய்தது தவறு. ஆனால் கணக்குப் பரீட்சையில் விடை மட்டும் எழுதி வழிமுறையை எழுதாவிட்டால் மதிப்பெண் கிடைக்குமா? அன்றே அங்கே செயினை மாற்றியிருந்தால், வால்வில் அடைத்த கசடு அப்படியே இருந்திருக்கும். கருவி காட்டிய இரண்டு எண்களில் ஒன்று தீராமலே இருந்திருக்கும். "புதுச் செயினும் பழுது, மறுபடி திற" என்று இன்னொரு செலவு வந்திருந்தாலும் வியப்பதற்கில்லை. மெல்லிய ஆயிலும் கசடும்தான் செயினைத் தின்றன. செயின் தானாகக் கெடவில்லை.

பெற்றோருக்காக இரண்டு விஷயங்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெல்ல ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். அது மினுக்கி மினுக்கி எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்துவதே நல்லது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள விலையுயர்ந்த புகை சுத்திகரிப்பானைப் பாழாக்கிவிடும். டைமிங் எண்ணோடு கரகரவென்று சத்தமும் தொடர்ந்து கேட்டால், விளக்கு எப்படி எரிந்தாலும் வண்டியை ஓட்டவே கூடாது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தாலும் அப்படியே. இன்னொன்று, பழைய கார் வாங்குவோருக்கு. விற்பவர் முந்தின நாள் எண்களை அழித்துவிட்டு விளக்கு எரியாத வண்டியைக் காட்டலாம். ஆனால் பல கார்களில், எண்களை அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் கணினி வைத்திருக்கும். 1,50,000 ஓடிய வண்டியில் அது வெறும் 12 என்று காட்டினால், மறுபடியும் யோசியுங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்க் கிளப்பிப் பார்ப்பதும் நல்லது. நீங்கள் வருமுன்பே அதைச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். எண்களைப் படிக்கும் சிறிய கருவி ரிச்சி தெருவில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது, கைப்பேசியோடு இணைத்துக்கொள்ளலாம். நான் சேர்த்துவைத்த பணத்தில் ஒன்று வாங்கியிருக்கிறேன். தெருவில் இரண்டு பேர் இதற்குள் இரவல் கேட்டுவிட்டார்கள்.

வேலை முடிந்த அன்று பாய் பழைய செயினையும் புதிய செயினையும் சுவரில் ஒரே ஆணியில் மாட்டிக் காட்டினார். மேலே இரண்டும் ஒன்றுபோல இருந்தன. கீழே, பழையது அரைக் கண்ணி அளவு தாழ்ந்து தொங்கியது. முப்பத்தொன்பது கோடிச் சுற்றும் தள்ளிப்போட்ட ஆயிலும் அந்த அரைக் கண்ணியில் இருந்தன. "எடுத்துக்கோம்மா, பள்ளிக்கூடத்துல காட்டு" என்று பழைய செயினை என்னிடமே கொடுத்துவிட்டார். அறிவியல் கண்காட்சியில் நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான். கையால் தொட்டுப் பார்க்கலாம், மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிவிட்டேன்.

அப்பா காலையில் வண்டியைக் கிளப்பும்போது தாத்தா இப்போது பேப்பரைக் கீழே வைத்துவிட்டு மூன்று வினாடி காது கொடுத்துக் கேட்கிறார். கதவோரத்துச் சீட்டில் அடுத்த ஆயில் மாற்றம் 1,74,000 என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான்.